மேல்வீட்டுச் சுவரில் ஒரு மலைக்காணி

மொன்ட்ரியாலில் மாடிப்படியை வீட்டுக்கு வெளியே கட்டி வைத்திருக்கிறார்கள். இரும்புப் படி. அதுவும் நேராக இல்லை, முறுக்குப் பிழிந்த மாதிரி வளைந்து வளைந்து மேலே போகிறது. பனி கொட்டுகிற ஊரில் எந்தப் புத்திசாலி இப்படி ஒரு யோசனை சொன்னான் என்று தங்கச்சி தேவகியிடம் கேட்டேன்.

"அக்கா, நீ வந்து இறங்கி அரை மணித்தியாலம் ஆகேல்லை. அதுக்குள்ளை இந்த ஊரைத் திருத்த வெளிக்கிட்டிட்டாய்" என்றாள்.

எனக்கு வயது அறுபத்தொன்று. இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். யாழ்ப்பாணத்தில் நில அளவைத் திணைக்களத்தில் முப்பத்து மூன்று வருடம் படவரைஞராக இருந்தேன். ஊரார் காணியை எல்லாம் தாளில் கீறினேனே தவிர, தீவை விட்டு ஒரு அடி வெளியே வைத்ததில்லை. தேவகிக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. அவளுடைய புருஷன் லொறி ஓட்டுகிறவர், கிழமையில் ஐந்து நாள் அமெரிக்காவில் எங்கேயாவது நிற்பார். அதனால் ஐந்து கிழமை கூட நின்று சமைத்துப் போட என்னைக் கூப்பிட்டாள். சமைக்க என்று என்னைக் கூப்பிட்டது அவளுடைய பிழை. இரண்டாம் நாளே நொண்டி நொண்டிக் குசினிக்குள் வந்து, என் கையிலிருந்த அகப்பையைப் பறித்துவிட்டு, "நீ போய் ஊர் பார்" என்றாள்.

பார்த்தேன். அக்டோபர் மாதம். அவர்கள் இருக்கிற மொன்ட்ரியால்-நோர் அடுக்கடுக்காக வாடகை வீடுகள் நிறைந்த பகுதி. அந்தத் தெருவிலும் மேப்பிள் மரங்கள் கல்யாண வீட்டுக்காரர் மாதிரிச் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. அணில்கள் பூனைக்குட்டி அளவு. மூலைக்கடைக்கு டெப்பனேர் என்று பெயர். கடைக்காரர் "பொன்ஜூர், ஹாய்" என்று பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, நான் எந்தப் பக்கம் சாய்கிறேன் என்று பார்த்தார். நான் "வணக்கம்" என்றேன். அந்த மனுஷன் கண் வெட்டாமல் "வணக்கம், மடாம்" என்றார். எங்கள் ஆட்கள் இருபது வருடமாக அவரிடம் பால் வாங்குகிறார்களாம்.

நாலாம் நாள் பூட்டீன் சாப்பிட்டேன். மொறுமொறு என்று பொரித்த உருளைக்கிழங்கின்மேல் பாற்கட்டித் துண்டுகளைப் போட்டுச் சுடுகுழம்பை ஊற்றித் தருகிறார்கள். பொரித்ததை எதற்குத் திரும்ப நனைக்க வேண்டும்? காரணம் விளங்கும்வரை சாப்பிடலாம் என்று முழுவதையும் முடித்தேன். விளங்கவில்லை. அடுத்த நாளும் போனேன்.

அந்த அடுத்த நாள் பின்னேரம்தான் மேல்வீட்டு நாதியா என்னையும் தேவகியையும் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள்.

நாதியா பாலஸ்தீனத்துக்காரி. நாப்ளஸ் பக்கத்தில் ஒரு மலைக்கிராமம். தேவகியும் அவளும் முந்தி ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை செய்து, பிரெஞ்சை ஒருவருக்கொருவர் பிழை பிழையாகச் சொல்லிக் கொடுத்தவர்கள். இப்போது அவள் டவுன்டவுனில் ஒரு உணவகக் குசினியில் பாண் போடுகிறாள். விடியப் போய் மூன்று மணிக்குத் திரும்பி வந்து, வீட்டிலும் பாண் போடுவாள். புருஷன் இறந்து ஆறு வருடம். என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தாள். இரண்டு பேருடைய ஆங்கிலமும் முட்டுப்பட்டு நிற்கிற இடத்தில் தேவகி பிரெஞ்சில் புகுந்து தள்ளிவிடுவாள். எல்லாவற்றையும் இங்கே எங்கள் தமிழிலேயே எழுதிவிடுகிறேன்.

அவளுடைய வரவேற்பறைக்குள் நுழைந்தேன். சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு படம். மற்றவர்கள் வீட்டில் பூங்கொத்தும் நீர்வீழ்ச்சியும் தொங்குகிற இடத்தில், பழுப்பேறிய தாளில் ஒரு நில அளவைப் பிளான்!

கதிரையில் ஏறி நின்றேன். கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி வந்திருந்த தேவகி கீழே நின்று, "ஐயோ, சீமெந்துத் தரையெண்டு நினைக்காதை, பலகை!" என்று கத்தினாள். வெள்ளைக்காரன் எங்களையும் அவர்களையும் ஆண்ட காலத்துப் பிளான். நாதியாவின் பாட்டனாரும் அவருடைய சகோதரனும் காணியைப் பங்கு பிரித்தபோது நிலம் அளக்கிற ஒரு சேவையர் கீறியது. எழுத்து ஆங்கிலத்திலும் அரபியிலும். எழுதுகோலைச் சாய்த்துப் பிடித்து எழுதிய அந்த ஒன்பது என்ற இலக்கத்தைப் பார்த்ததும் எங்கள் கந்தோர்ப் பழைய அலுமாரியைத் திறந்த மாதிரி இருந்தது. ஒரே எசமான், ஒரே கையெழுத்துப் பழக்கம்.

"இருபத்திரண்டு துனம்" என்று வாசித்தேன். அங்கே காணியைத் துனம் என்ற அளவில்தான் சொல்வார்கள். மனதில் கணக்குப் போட்டேன். ஒரு துனம் எங்கள் யாழ்ப்பாணக் கணக்கில் நாலு பரப்புக்கு ஒரு துளி குறைவு; பதினாறு பரப்பு ஒரு ஏக்கர். "தேவகி, எண்பத்தேழு பரப்படி! மலைச்சரிவிலை எண்பத்தேழு பரப்பு!"

நாதியா தட்டோடு அப்படியே நின்றாள். "நீங்கள் இதை வாசிக்கிறீங்களா?"

"வாசிக்கிறதோ? இதுதானே என்ரை சீவியம்!"

அவள் தட்டை வைத்துவிட்டு உட்கார்ந்தாள். பிறகு அந்தக் கதையைச் சொன்னாள்.

காணியில் ஒலிவ மரங்கள். தம்பி ஹசன்தான் பார்க்கிறார். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்தில் இஸ்ரேலியக் குடியேற்றம் ஒன்று நெடுநாளாக இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்னர் அங்கிருந்து சிலர் இந்தப் பக்க மலையுச்சிக்கு வந்து, சில்லு வைத்து லொறியால் இழுக்கிற மூன்று வீடுகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பிறகு ஒரு மண்ரோட்டு. பிறகு ஆடுகள். பிறகு ஹசனுடைய மேல்வரிசை மரங்கள் ஒரு இரவில் மரமரிகிற வாளால் அரியப்பட்டிருந்தன. போன வருடம் காய் பறிக்கப் போனவர்களைக் கல்லாலும் தடியாலும் அடித்துக் கலைத்தார்கள். ஹசன் வழக்குப் போட்டார். வழக்கறிஞர் இஸ்ரேலிய யூதப் பெண். "அவள் தன்ரை அரசாங்கத்தை எபிரேயத்திலை ஏசுவாள், எங்களை அரபியிலை ஏசுவாள்" என்றாள் நாதியா. எதிர்த்தரப்புச் சொல்வது இதுதான்: ஹசனுடைய காணி நடுவிலுள்ள கல்மதிலோடு முடிகிறது. அதற்கு மேலே இருப்பது அரச நிலம்.

குடியேற்றம் என்ற சொல்லை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அரச நிலம் என்ற சொல்லையும்தான்.

"காணி உறுதிப் பத்திரத்திலை 'பிளானின்படி' எண்டு கிடக்கு. பிளான் இதுதான். அழகாயிருக்கெண்டு என்ரை மனுசன் கொண்டுவந்து கொழுவினவர். படமெடுத்து அனுப்பினன். மேல்மூலை கிழிஞ்சுபோச்சு, இது உதவாதெண்டு சொல்லிப்போட்டினம்" என்றாள் நாதியா.

உண்மை. வலது மேல்மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தாள் இல்லை. அந்த மூலை எல்லையும் போய், பக்கத்திலிருந்த அட்டவணையின் கடைசி வரியும் போயிருந்தது. ஒன்பது பக்கக் காணி. எட்டுப் பக்கங்களின் நீளமும் திசையும் பளிச்சென்று தெரிந்தன. ஒன்பதாவது இல்லை. கிழிந்த விளிம்பில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து மட்டும் எஞ்சியிருந்தது: சி, ஐ, எஸ்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது உதவாதெண்டு ஆர் சொன்னது? ஒரு காணியைச் சுத்தி நடக்கிறம். எட்டுப் பக்கம் நடந்தாச்சு. ஒன்பதாவது எங்கை போகும்? துவங்கின இடத்துக்குத்தானே வரவேணும்! எட்டும் தெரிஞ்சால் ஒன்பது தானா வரும்!"

நாதியா தேவகியைப் பார்த்தாள். தேவகி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன். "அக்காவுக்குத் தலையிலை வருத்தமொண்டும் இல்லை, இப்பிடித்தான் எண்டு சொன்னனான்" என்றாள்.

அன்று பின்னேரம் தேவகியின் குசினி மேசையில் உட்கார்ந்தோம். நாதியா படத்தைச் சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தாள். சாதாரண தரப் பரீட்சையில் கணக்குப் பாடம் சித்தியடையாத தேவகி, காலைக் கதிரையில் நீட்டி வைத்தபடி எண்களை வாசித்தாள். நான் அவளுடைய போனில் சைனும் கோசைனும் அமத்தினேன். இரண்டு தரம் பிழைத்தது, அவள் எழுபத்தொன்றைப் பதினேழு என்று வாசித்ததால். மூன்றாம் தரம் வந்தது. ஒன்பதாவது பக்கம் நூற்று நாற்பத்திரண்டு மீற்றர். கிழிந்துபோன மூலை எல்லை, பிளானில் கீறியிருந்த கல்மதில் வளைகிற முடக்கிலிருந்து வடகிழக்காகத் தொண்ணூற்றாறு மீற்றர் மேலே. மதிலோடு முடிகிறதாம் காணி! மதிலைத் தாண்டித் தொண்ணூற்றாறு மீற்றர் ஏறுகிறது!

எழும்பி ஆடினேன் என்றால் நம்புவீர்களா? ஆடினேன். மேசையைச் சுற்றி. ஓய்வு பெற்ற பிறகு மாவிடிக்கிற மிஷினுக்குக் கணக்கு எழுதினதைத் தவிர ஒரு கணக்கும் செய்யாத மூளை.

அந்த மூன்று எழுத்தைப் பற்றி நாதியாவிடம் கேட்டேன். "அந்த மூலையிலை மழைத்தண்ணி சேர்க்கிற தொட்டி ஏதும் இருந்ததோ? சிஸ்ரேன் எண்டு எழுதியிருப்பான்."

அவள் வாயைப் பொத்தினாள். இருந்ததாம். பாறையில் குடைந்த தொட்டி. சின்ன வயதில் அதில் அள்ளிக் குடித்திருக்கிறாள். மண்ரோட்டுக்கு புல்டோசர் போட்ட பிறகு அந்தச் சரிவே உருமாறி, எந்த இடம் என்று ஹசனுக்கும் பிடிபடவில்லை.

அங்கே நடுச்சாமம் என்றும் பாராமல் உடனே தம்பியைப் போனில் கூப்பிட்டாள். வாட்டசாட்டமான, நரைத்த மீசைக்காரர். என்னை "எஞ்சினியர்" என்றார். நான் எஞ்சினியர் இல்லை என்று சொல்லவும் மறந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில், வாயில் வந்ததைச் சொன்னேன்: "மதில் முடக்கிலிருந்து நாடா பிடிச்சுப் பாக்கச் சொல்லுங்கோ. தொண்ணூற்றாறிலை தொட்டி இல்லையெண்டால் என்ரை பேரை மாத்திறன்."

இந்த வசனத்தை நான் சொல்லியிருக்கக் கூடாது.

வழக்கறிஞரைக் கேட்டு, இராணுவத்திடம் அனுமதி வாங்கி, அதற்குப் பிறகு போவார் என்று நான் நினைத்தேன். உண்மையில் நான் ஒன்றுமே நினைக்கவில்லை. அடுத்த நாள் நாதியாவுக்கு லீவு. காலை எட்டு மணிக்கு அவள் வீட்டில் ஒலிவெண்ணெயும் மூலிகைத்தூளும் தடவிச் சுட்ட ரொட்டியைச் சுடச்சுடப் பிய்த்துக்கொண்டிருந்தோம். போன் அடித்தது. அங்கே பின்னேரம் மூன்று மணி. ஹசனும் அவருடைய மகள் ரீமும் மதில் முடக்கில் நின்றார்கள்.

ரீம் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெட்டை. போனைப் பிடித்துக்கொண்டு அவள் நடக்க, படம் ஆடியது. காய்ந்த புல். அரிந்த மரங்களின் அடிக்கட்டைகள், அவற்றிலிருந்து முளைத்த துளிர்கள். ஹசன் நாடாவை இழுத்துக்கொண்டு மேலே ஏறினார். "ஐம்பது" என்று நாதியா மொழிபெயர்த்தாள். "எழுபது." மேலே உச்சியில் வெள்ளையாக மூன்று வீடுகள் தெரிந்தன. எனக்கு அப்போதும் விளங்கவில்லை. வலது பக்கம் கொஞ்சம் தள்ளு என்று நான் இங்கிருந்து கைகாட்டிக் கொண்டிருந்தேன். "தொண்ணூறு" என்றாள் நாதியா. ஹசன் குனிந்தார். கைகளால் மண்ணைக் கிளறினார். ஏதோ சத்தமாகச் சொன்னார்.

பிறகு நாய் குரைத்தது. ஆட்கள் கத்துகிற சத்தம். எங்கள் திரையில் வானம், ரீமின் சப்பாத்து, திரும்ப வானம். கல் ஒன்று கல்லில் படுகிற சத்தம் இவ்வளவு தெளிவாகப் போனில் கேட்கும் என்று எனக்குத் தெரியாது. அதோடு அழைப்பு நின்றது.

இரண்டு மணித்தியாலம். நாதியா போனைப் பார்க்கவில்லை. மாவை எடுத்துக் குழைத்தாள், அடித்தாள், திரும்பக் குழைத்தாள். நான் வாசலில் நின்றேன். போகவும் முடியவில்லை, உள்ளே உட்காரவும் முடியவில்லை.

ரீமின் செய்தி வந்தது. அப்பாவுக்குத் தலையில் ஏழு தையல். தனக்கு ஒன்றுமில்லை. ஜீப்பில் வந்த சிப்பாய்கள் கல் எறிந்தவர்களை ஒன்றும் சொல்லவில்லை. இவர்களைத்தான் போகச் சொன்னார்கள். நாதியா அதைப் பிரெஞ்சில் தேவகிக்குப் போனில் சொன்னாள், எனக்குச் சொல்லவில்லை. பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இப்ப கீழை போங்கோ" என்றாள்.

தேவகி இன்னும் மோசம். "நீ என்ன, இது உன்ரை கந்தோரெண்டு நினைச்சியோ? நாடா பிடி, கல்லு நடு எண்டு! அங்கை மனுசர் சாகிற இடம்!"

"எனக்குத் தெரியாதேடி? யாழ்ப்பாணத்திலை இராணுவ வேலிக்கு உள்ளை கிடந்த காணிக்கு வெளியிலை இருந்து எத்தனை பேருக்குப் பிளான் கீறிக் குடுத்தனான்?"

"தெரிஞ்சும் சொன்னியே, அதுதான் பிழை."

இரண்டு நாள் மேல்வீட்டுக் கதவு எனக்குத் திறக்கவில்லை. அணில்களையும் பார்க்கப் போகவில்லை. பெட்டியில் சட்டைகளை மடித்து வைத்து, திரும்ப எடுத்து, திரும்ப மடித்தேன்.

மூன்றாம் நாள் பின்னேரம் வாசலில் நாதியா. ஒரு கையில் துணியில் சுற்றிய ரொட்டி, மறு கையில் போன். போனுக்குள் ஹசன், தலையில் பெரிய வெள்ளைக் கட்டோடு, வாயெல்லாம் சிரிப்பு.

"என்ரை தம்பிக்கு விசர்ப் பைத்தியம்" என்றாள். "உங்களுக்கும் விசர். வாங்கோ, அவன் உங்களோடை கதைக்கவேணுமாம்."

நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அந்த மனுஷன் விட்டால்தானே! தொட்டி தொண்ணூற்றைந்தரை மீற்றரில் இருந்ததாம். வாயைப் பாறாங்கல் போட்டு அடைத்திருந்தார்களாம். ஆனால் உளி பட்ட விளிம்பு அப்படியே இருக்கிறதாம். ஓடி வரும்போதும் ரீம் நாலு படம் எடுத்துவிட்டாள். அந்த அரை மீற்றர் யாருடைய பிழை என்று கேட்டார். உங்கள் நாடா தொய்ந்திருக்கும் என்றேன். நாதியா மொழிபெயர்த்ததும் தலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அவர் போனை வைத்த பிறகு நாதியா கேட்டாள்: "வேலிக்குள்ளை கிடந்த காணியள் எண்டு தேவகி சொன்னாள். அதுகள் திரும்பக் கிடைச்சதோ?"

"கொஞ்சம். இருபத்தைஞ்சு, முப்பது வருஷத்துக்குப் பிறகு."

"வீடுகள்?"

"வீடு இல்லை. கிணறு கிடந்தது."

அவள் தலையாட்டினாள். ரொட்டியைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

வழக்கறிஞருக்குப் பிளானின் உறுதிப்படுத்திய பிரதியும் என் கணக்குத் தாளும் வேண்டியிருந்தது. தங்கள் சேவையர் அதைத் திரும்பச் சரிபார்ப்பாராம். நாதியாவுக்குத் தெரிந்த, அரபி வாசிக்கிற, பத்திரங்களை உறுதிப்படுத்தித் தருகிற நொத்தாரிசு ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் இருந்தார். மஞ்சள் கோட்டு மெட்ரோ ஆற்றுக்கு அடியால் போகும் என்று சொன்னாள். ஆற்றுக்கு அடியால்! நான் பிளானைச் சுருட்டிப் போட்ட மட்டைக்குழாயைத் சிப்பாயின் துவக்கு மாதிரித் தோளில் சாய்த்துக்கொண்டு புறப்பட்டேன்.

அந்தக் கோட்டில் மொத்தமே மூன்று நிலையங்கள்தான். அதில் தவற முடியாது என்று நாதியா சொல்லியிருந்தாள். நான் தவறினேன். நடுநிலையத்தில் கதவு திறந்தது. வந்துவிட்டோம் என்று துள்ளி இறங்கிவிட்டேன். கதவு மூடியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நாதியா இரண்டு கையாலும் தலையிலடித்தபடி இருட்டுக்குள் போனாள். நான் ஆற்று நடுவிலுள்ள ஒரு தீவின் அடியில், எண்பத்தேழு பரப்புக் காணியைத் தோளில் வைத்துக்கொண்டு தனியாக நின்றேன். என்னிடம் போன் இல்லை.

அடுத்த மெட்ரோவில் ஏறி லொங்குய்ய் போனேன். அங்கே நாதியா இல்லை. அவள் என்னைத் தேடித் தீவுக்குத் திரும்பியிருந்தாள். நானும் அவளைத் தேடித் தீவுக்குத் திரும்பினேன். அவள் அதற்குள் லொங்குய்யுக்குப் போய்விட்டாள். ஆற்றுக்கு அடியால் போவது ஒரு தரம் புதினம். மூன்றாம் தரம் அவ்வளவு இல்லை. கடைசியில் தீவு நிலையத்தில், கூடையில் பூனையோடு உட்கார்ந்திருந்த ஒரு கியூபெக்கார அம்மா என் கையைப் பிடித்து இருத்தி, விரலை நீட்டி, "இஞ்சையே இரு!" என்றார். பிரெஞ்சுதான். ஆனால் எந்த மொழியிலும் விளங்கும் குரல். பத்து நிமிடத்தில் நாதியா வந்தாள். பூனைக்கார அம்மா அவளையும் ஏசினார்.

"ஏன் இருக்கிற இடத்திலை இருக்கேல்லை?" என்றாள் நாதியா, மூச்சு வாங்க.

"நீங்கள் ஏன் இருக்கேல்லை?"

இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பூனை பயந்து சீறியது.

நொத்தாரிசு கண்டிப்பான மனிதர். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என் கணக்கை ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தார். முடிவில் கண்ணாடியைக் கழற்றி, "மடாம், இதை நீங்கள் குசினி மேசையிலா செய்தீர்கள்?" என்றார். ஓம் என்றேன். முத்திரையைக் குத்தினார்.

நான் ஊருக்குப் புறப்பட ஆறு நாள் இருக்கும்போது நீதிமன்ற உத்தரவு வந்தது. வழக்கு முடியவில்லை. ஆனால் முடியும்வரை அந்தக் காணியில் யாரும் புதிதாக ஒன்றும் கட்டக்கூடாது. ஒலிவங்காய் பறிக்க ஹசனுக்கு இரண்டு நாள் அனுமதி, மதிலுக்கு மேலேயும். இராணுவம் காவல் நிற்க வேண்டும். இரண்டே நாள். நாதியா அதை வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்த பிடியில் என் மூக்குக்கண்ணாடி வளைந்தது. இன்றைக்கும் அது ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கிறது.

முதல் நாள் கெட்டுப்போனது. முகத்தை மூடிய இளந்தாரிகள் உச்சியிலிருந்து இறங்கி, இரண்டு சாக்கைக் கிழித்துக் காயைக் கொட்டினார்கள். மத்தியானத்தோடு, பாதுகாப்புக்காக என்று சொல்லி, சிப்பாய்கள் பறித்தவர்களையே கலைத்துவிட்டார்கள்.

இரண்டாம் நாள் நாதியா வேலைக்கு லீவு சொல்லிவிட்டாள். தேவகியை நாங்கள் இருவரும் முன்னும் பின்னுமாகத் தாங்கி அந்த முறுக்குப் படியில் ஏற்றினோம். காலை ஏழு மணிக்கு ரீம் அழைத்தாள். போன வருடம் ஏழு பேர் பறிக்கப் போன இடத்தில் அன்று நாற்பது பேருக்கு மேலே! அடுத்த கிராமங்களிலிருந்து வந்திருந்தார்கள். டெல் அவிவிலிருந்தும் ஹைஃபாவிலிருந்தும் நரைத்த தலைகளோடு இஸ்ரேலியர்களும் வந்திருந்தார்கள். வழக்கறிஞர் கையில் உத்தரவைப் பிடித்தபடி ஒரு சிப்பாயின் மூக்குக்குக் கீழே நின்றாள். கட்டையான மனுஷி. நான் அவளைப் பெரிய உருவமாக நினைத்து வைத்திருந்தேன்.

எங்கள் நேரம் எட்டு மணிக்கு மேலே ஆட்கள் தெரிந்தார்கள். பத்துப் பன்னிரண்டு பேர். கையில் தடி. நாதியா என் மணிக்கட்டைப் பிடித்தாள். கீழேயிருந்த நரைத்த தலைகள் பறிக்கிறதை விட்டு மேலே போய் வரிசையாக நின்றார்கள். ஒரு கிழவி மடக்குக் கதிரையை விரித்து, அந்த வரிசையின் நடுவில், அவர்களைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டாள். பைக்குள்ளிருந்து தெர்மோஸை எடுத்தாள். உச்சியில் நின்றவர்கள் கத்தினார்கள். இரண்டு கல் வந்தது. இந்த முறை சிப்பாய்கள் அந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். அவர்களுக்கு அது பிடித்திருந்ததா என்று முகத்தில் தெரியவில்லை. ஆனால் திரும்பி நின்றார்கள்.

"பறியுங்கோ, பறியுங்கோ!" என்று மொன்ட்ரியாலிலிருந்து தேவகி தமிழில் கத்தினாள். அங்கே யாருக்கு விளங்கியதோ, பறித்தார்கள். மரத்தின் கீழ் விரித்த படங்குத் துணியில் காய் விழுகிற சத்தம் மழைத் தூறல் மாதிரிக் கேட்டது. ஹசன் தையல் போட்ட தலையோடு ஏணியில் நின்று பாடினார். நாதியா இங்கிருந்து அடுத்த அடியைப் பாடினாள். எங்கள் நேரம் பத்து மணிக்கு அங்கே பொழுது சாய்ந்தது. கடைசிச் சாக்கைக் கட்டியபோது மேல்வீட்டிலும் மலையிலும் எழுந்த கூச்சலில், பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடிவந்து கதவைத் தட்டினார். அவருக்கும் ரொட்டி கொடுத்தோம்.

நான் யாழ்ப்பாணம் திரும்பி மூன்று மாதமாகிறது. வழக்கு பங்குனிக்குத் தள்ளிப் போயிருக்கிறது. உச்சியிலிருந்த மூன்று வீடுகள் இப்போது நாலு. புதியதைக் காணிக்கு வெளியே, எல்லையிலிருந்து பத்தடி தள்ளி நிறுத்தியிருக்கிறார்களாம்.

மார்கழியில் உழவுக்கென்று ஹசனுக்கு ஒரு நாள் அனுமதி கிடைத்தது. அவர் உழவில்லை. அவரும் ரீமும் விடியவே போய், பொழுதுபடும்வரை தொட்டியின் வாயிலிருந்து பாறாங்கல்லைத்தான் எடுத்தார்கள். பிறகு அங்கே மழைக்காலம்.

நேற்று நாதியா ஒரு படம் அனுப்பினாள். ரீம் தொட்டி விளிம்பில் குந்தியிருந்து கயிற்றால் வாளியைத் தூக்குகிறாள். வாளியில் முக்கால்வாசிக்குத் தண்ணீர். நேற்றும் அனுமதி கிடைத்ததோ என்று கேட்டு எழுதினேன். அதற்கு அவள் பதில் எழுதவில்லை. தண்ணி கலங்கலாம், மண் மணக்குதாம், அங்கேயே நின்று ஹசனும் ரீமும் வயிறு முட்டக் குடித்தார்களாம் என்று மட்டும் எழுதியிருந்தாள்.